27 பிளகின்களும் ஒரு தமிழ் ஐயாவும்

கழுகுமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் என் சித்தி இருக்கிறார். போன வருடம் ஆச்சியைப் பற்றிச் சின்னதாக ஒரு பதிவு எழுதி, அதன் சுட்டியை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஆச்சி தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போன காலத்தைப் பற்றியது அது. எங்கள் பக்கம் யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ்தான். சின்ன வயதில் ஆச்சியோடு அங்கே போய் உட்கார்ந்திருந்தவர் சித்தி. படித்துவிட்டு என்ன சொல்வார் என்று காத்திருந்தேன். சத்தமே இல்லை. இரண்டு நாள் பொறுத்து நானே போன் போட்டேன். "அதுவா, தொறந்தா சுத்திக்கிட்டே கெடக்குப்பா. மொட்டை மாடியில போய் நின்னுகூடப் பாத்துட்டேன். பேசாம நீ எழுதுனத அப்படியே காப்பி பண்ணி வாட்ஸ்அப்ல போட்டு விட்டுரு" என்றார். அப்படியே செய்தேன். பத்து நிமிடத்தில் படித்துவிட்டு, அழுகையும் சிரிப்புமாக நாலு குரல் செய்திகள் அனுப்பிவிட்டார்.

குரல் செய்திகள் மறந்துவிட்டன, "சுத்திக்கிட்டே கெடக்கு" மட்டும் காதில் நின்றுவிட்டது. 2009-லிருந்து இந்தத் தளத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பிழைப்பு வேறு, பகலெல்லாம் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன், எழுதுவதும் தளத்தை நோண்டுவதும் ராத்திரி வேலை. வீட்டு ஃபைபர் இணைப்பில் என் லேப்டாப்பில் எந்தப் பக்கமும் இரண்டு நொடிக்குள் வந்துவிடும். பாதிக் கோப்புகள் ஏற்கெனவே பிரவுசரின் கேச்சில், அதாவது முன்பு இறக்கியதைச் சேமித்து வைக்கும் இடத்தில், கிடப்பதால் வரும் வேகம் அது. அதைத்தான் தளத்தின் வேகம் என்று இத்தனை வருடமும் நம்பியிருக்கிறேன். சமைத்தவனே ருசி பார்த்து, பிரமாதம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்வது மாதிரி.

நண்பர் சொன்னதும் நான் கேட்டுக்கொண்டதும்

என் தளம் ஓடுவது வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில். அந்த வேலையே தொழிலாகக் கொண்ட நண்பர் ஒருவர் இருக்கிறார். பல வருடங்களுக்கு முன் அவரிடம், பிளகின் (தளத்துக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்) அதிகமானால் தளம் மெதுவாகுமா என்று கேட்டிருந்தேன். "எத்தனை இருக்குங்கிறது மேட்டரே இல்ல. 50 இருந்தாலும் பறக்கும், ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் படுத்துரும்" என்றார். அதில் தவறில்லை. பிளகின் என்ற பெயரில் பத்து வரி நிரலும் வரும், லட்சம் வரி நிரலும் வரும். (பழைய பதிவர்கள் நீட்சி என்போம், செருகுநிரல் என்போம். அந்தச் சண்டையைப் பின்னூட்டத்தில் ஆரம்பிக்க வேண்டாம்.) ஆனால் அவர் சொன்னதை நான் அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டேன். ஒரு வசதி வேண்டும் என்று தோன்றினால் தேடு, நிறுவு, மற. சித்தியிடம் பேசிய அன்று ராத்திரி எண்ணிப் பார்த்தால் 27 பிளகின்கள்.

அதன் பிறகு நான் செய்த முதல் காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தளத்தை வேகமாக்க இன்னும் இரண்டு பிளகின் போட்டேன். 29. ஒன்று பக்கங்களைக் கேச் செய்வது, இன்னொன்று எல்லா ஸ்கிரிப்ட்களையும், அதாவது வாசகரின் பிரவுசரில் ஓடும் நிரல்களை, ஒரே கோப்பாகச் சேர்ப்பது. கேச் பிளகின் மோசமானதில்லை. வேர்ட்பிரஸ் ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தைக் கேட்டுக் கேட்டுப் பக்கத்தைக் கட்டாமல், ஒருமுறை கட்டியதை எச்டிஎம்எல்லாகச் சேமித்து வைத்து அதையே எடுத்து நீட்டும். சர்வர் சீக்கிரம் பதில் சொல்லும். ஆனால் நீட்டிய பக்கத்துக்குள் 31 ஸ்கிரிப்ட் இருந்தால் அந்த 31-ஐயும் சித்தியின் போன்தான் இறக்க வேண்டும், பிரிக்க வேண்டும், ஓட்ட வேண்டும். பரிமாறுகிற கை வேகமானால் இலையில் விழுவது குறைந்துவிடுமா? தளத்தின் வேகத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் மொபைல் மதிப்பெண் 31-லிருந்து 38-க்கு ஏறியது. ஸ்கிரிப்ட்களைச் சேர்த்த பிளகினோ மறுமொழிப் பெட்டியையே காணாமல் அடித்துவிட்டது. மறுநாள் அதைத் தூக்கினேன்.

நண்பருக்குப் போன் செய்து, "நீங்கதானே எண்ணிக்கை மேட்டர் இல்லன்னு சொன்னீங்க" என்று குறைப்பட்டுக்கொண்டேன். அவர் சிரித்தார். "சொன்னேன். எந்தப் பிளகின் எந்தப் பக்கத்துல எதை இறக்குதுன்னு பாக்கணும்னும் சொன்னேன். நீங்க முதல் பாதியை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டீங்க." இரண்டாம் பாதியை அவர் அன்றைக்கே சொன்னாரா என்று எனக்குச் சந்தேகம்தான். சரி, இருக்கட்டும்.

17 கேபிக்கு 2.3 எம்பி

இருப்பதிலேயே எளிமையான பக்கத்தை எடுத்துக்கொள்வோம் என்று ஆச்சி பதிவையே எடுத்தேன். 600 சொல், ஒரே ஒரு படம். ஸ்லைடர் இல்லை, வீடியோ இல்லை, படிவம் இல்லை. தமிழ் கொஞ்சம் கனமான மொழிதான், பைட் கணக்கில். யூடிஎஃப்-8 முறையில் நம் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 'அம்மா' என்று எழுதினால் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறியீடு, 15 பைட். அந்தக் கணக்கில் என் 600 சொல்லும் சுமார் 17 கேபி. சர்வர் சுருக்கி அனுப்பும்போது 4, 5 கேபிதான் இருக்கும். படம் 90 கேபி. பிரவுசரின் நெட்வொர்க் பலகையைத் திறந்துவைத்து, கேச்சை அணைத்துவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றினேன். 68 கோரிக்கைகள். மொத்தம் 2.3 எம்பி. ஆச்சியின் கதை அதில் எந்த மூலையில் இருந்தது என்று தேட வேண்டும்.

பேஜ்ஸ்பீட் மொபைல் சோதனையில் கூகுள் ஒரு நடுத்தரப் போனையும் மந்தமான 4ஜி-யையும் கற்பனை செய்துகொள்கிறது. நொடிக்கு 1.6 மெகாபிட், ஒவ்வொரு முறை சர்வருக்குப் போய்வரவும் 150 மில்லிநொடி, சிபியு நாலு மடங்கு மெதுவாக. அந்த வேகத்தில் 2.3 எம்பி இறங்க மட்டுமே 11, 12 நொடி ஆகும். மொட்டை மாடியில் ஒரு கோடும் இரண்டு கோடுமாக சிக்னல் ஏறி இறங்கும் சித்தியின் போனுக்கு இந்தக் கற்பனையே ஆடம்பரம். முக்கியமான உள்ளடக்கம் இரண்டரை நொடிக்குள் கண்ணில் பட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் வரம்பு. எனக்கு அது 14 நொடி என்று காட்டியது.

அப்புறம் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து மேலிருந்து கீழே வாசித்தேன். சொந்த வீட்டுப் பரணில் ஏறியது போல இருந்தது. மேலே, தலைப்பகுதியிலேயே, ஒரு திரட்டியின் (பல வலைப்பதிவுகளின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தளம்) வாக்குப்பட்டை ஸ்கிரிப்ட். பதிவர்களுக்குத் தெரியும், ஒரு காலத்தில் திரட்டியில் வாக்கு விழுந்தால்தான் பதிவுக்கு வாழ்வு. திரட்டி மூடி வருடக்கணக்காகிறது. அந்த முகவரியோ இருப்பதாகவும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. தலைப்பகுதியில் சும்மா போட்ட ஸ்கிரிப்ட் வந்து முடியும் வரை பிரவுசர் அதற்குக் கீழே உள்ள எதையும் வரையாது. ஆக, போய்ச் சேர்ந்த ஒருவரின் பதிலுக்காக ஒவ்வொரு வாசகரையும் வாசலில் நிறுத்தி வைத்திருந்தேன். சித்தியின் திரையில் சுற்றியதில் பெரும்பங்கு இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

எல்லாம் காரணத்தோடு வந்தவைதான்

அந்த 27-இல் ஒன்றைக்கூட நான் காரணமில்லாமல் போடவில்லை. காரணங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன, நிரல் மட்டும் உட்கார்ந்துவிட்டது. எழுத்துரு பிளகினை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எழுத ஆரம்பித்த காலத்தில் பாதிப் பேர் விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்தார்கள். லதா எழுத்துரு உள்ளே இருந்தாலும், இந்திய மொழி ஆதரவைத் தனியாக இயக்காவிட்டால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகத் தெரியும். சிலருக்கு எல்லாமே கட்டம் கட்டமாக. "உங்க பிளாக் கட்டம் கட்டமா தெரியுது" என்ற மின்னஞ்சல் வாரத்துக்கு ஒன்று வரும். எழுத்துருவைச் சர்வரிலிருந்தே அனுப்பும் பிளகின் அன்றைக்குப் பெரிய உபகாரம். பிறகு விண்டோஸ் 8-இல் நிர்மலா வந்தது, ஆண்ட்ராய்டு போன்கள் நோட்டோ தமிழோடு வர ஆரம்பித்தன, கட்டப் பிரச்சினை ஓய்ந்தது. என் தளம் மட்டும் இரண்டு எழுத்துருக் குடும்பங்களை எட்டுக் கோப்புகளாக, அரை எம்பிக்கு மேல், விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. அழகான எழுத்துரு எனக்கும் பிடிக்கும். ஆனால் சித்தி நாள் முழுக்க வாட்ஸ்அப்பில் படிப்பது போனில் ஏற்கெனவே உள்ள எழுத்துருவில்தான், ஒருநாளும் அதைக் குறை சொன்னதில்லை.

பகிர்வுப் பொத்தான் வரிசையில் கூகுள் பிளஸ் இருந்தது. அது 2019 ஏப்ரலிலேயே மூடப்பட்டது. முகப்பில் ஓடிய ஸ்லைடரை 2015-இலேயே எடுத்துவிட்டேன், ஆனால் அதன் பிளகின் உயிரோடு இருந்ததால் இல்லாத ஸ்லைடருக்கான ஸ்கிரிப்ட் எல்லாப் பக்கங்களிலும் இறங்கியது. ஃபேவிகானுக்கு, அதாவது பிரவுசர் தாவலில் தெரியும் குட்டிப் படத்துக்கு, ஒரு பிளகின். வேர்ட்பிரஸ்ஸே 2015-இல் 4.3 பதிப்பில் அதைக் கற்றுக்கொண்டுவிட்டது. படங்களைத் தாமதமாக ஏற்ற ஒன்று, தேடுபொறிகளுக்குப் பக்கங்களின் பட்டியல் தரும் தளவரைபடத்துக்கு ஒன்று. இரண்டும் 2020-இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கின்றன. இவற்றையெல்லாம் ஒரே ராத்திரியில் நீக்கினேன். கை நடுங்கவில்லை.

கை நடுங்கியது வருகைக் கணக்குப் பிளகினில்தான். பக்கத்தின் ஓரத்தில் "நீங்கள் இத்தனையாவது வாசகர்" என்று காட்டும். அந்த எண் ஏறுவதைப் பார்ப்பதற்காகவே எத்தனையோ காலை எழுந்திருக்கிறேன். பக்கம் கேச்சிலிருந்து வந்தாலும் எண் மட்டும் புதிதாக இருக்க வேண்டும் அல்லவா? அதற்காக அது ஒவ்வொரு வருகைக்கும் பின்னாலிருந்து சர்வரை ஒருமுறை தட்டும். அந்த ஒரு தட்டுக்கு வேர்ட்பிரஸ் முழுசாக எழுந்து, எல்லாப் பிளகின்களையும் எழுப்பி, தரவுத்தளத்தில் ஓர் எண்ணைக் கூட்டி எழுதிவிட்டுத் திரும்பப் படுக்கும். கேச் போட்டதன் பலனில் பாதி அங்கேயே காலி. மூன்று வருடத்துக்கு முன் ஒரு பதிவு தற்செயலாகப் பரவி, கூட்டம் வந்து, மலிவு ஹோஸ்டிங் கணக்கு அரைநாள் முடங்கியது. அன்றைக்கு ஹோஸ்டிங்காரரைத் திட்டினேன். இப்போது பார்த்தால், வந்தவர்களை எண்ணுகிற வேலையில்தான் கடை சாத்தியிருக்கிறது.

வரிசையிலிருந்து வெளியே

நீக்கக் கூடியதை நீக்கியாயிற்று. 27 பதினொன்றானது. இனி நீக்க முடியாதவை. தொடர்புப் படிவம் வேண்டும், ஆனால் ஒரே ஒரு பக்கத்தில்தான். அந்தப் பிளகினுக்கு அது தெரியாது. எந்தப் பக்கத்தில் நான் படிவத்தை வைப்பேன் என்று அதற்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்? பாதுகாப்புக்காக எல்லாப் பக்கங்களிலும் தன் ஸ்கிரிப்டையும், நீங்கள் ரோபோ இல்லையே என்று கேட்கும் இன்னொன்றையும் இறக்கிவிடும். ஆச்சி பதிவில் படிவமே இல்லை, இருந்தும் அந்தப் பக்கத்துக்குள் ரோபோக்களுக்குக் காவல் நடந்துகொண்டிருந்தது.

இதற்கு வேர்ட்பிரஸ்ஸிலேயே வழி இருக்கிறது. ஸ்கிரிப்ட் வேண்டும் என்கிற பிளகின் நேராகப் பக்கத்தில் எழுதக் கூடாது, வரிசையில் வந்து நிற்க வேண்டும். அது என்க்யூ. வரிசையில் நிற்பவரைப் பெயர் சொல்லி வெளியே இழுப்பது டீக்யூ. ரேஷன் கடை வரிசை தெரிந்தவர்களுக்கு மீதியும் புரியும். ஆள் வந்து நின்ற பிறகுதான் இழுக்க முடியும். பிளகின்கள் வழக்கமாக 10 என்ற முன்னுரிமை எண்ணில் வரிசைக்கு வருகின்றன, சின்ன எண்ணுக்கு முதல் முறை. நான் 5 என்று போட்டு, இன்னும் வராத ஆளை இழுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தேன். 100 என்று மாற்றியதும் வேலை முடிந்தது. பெயர் தெரிய மூல நிரலே போதும். ஸ்கிரிப்ட் குறிச்சொல்லின் அடையாளத்தில் கடைசி 'ஜேஎஸ்' ஒட்டை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பதுதான் வரிசையில் அதன் பெயர். இது தொடர்புப் பக்கம் இல்லையென்றால் இந்த இரண்டு பெயரையும் வெளியே இழு. விஷயம் அவ்வளவுதான், ஆறு வரி.

ஜேகுவரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் மட்டும் போகவே மாட்டேன் என்றது. இழுத்தாலும் மறுபடி வந்து நின்றது. வேறு ஏதோ ஒரு ஸ்கிரிப்ட், ஜேகுவரி இல்லாமல் நான் வர மாட்டேன் என்று சார்பு எழுதிக் கொடுத்திருந்தால், வேர்ட்பிரஸ் அதைக் கூட்டிக்கொண்டே வரும். அந்த வேறு ஏதோ, மெனுவை விரிப்பதற்காக என் தீமில், அதாவது தளத்தின் தோற்றத்தைத் தரும் நிரலில், இருந்த ஐந்து வரி. அதைச் சாதாரண ஜாவாஸ்கிரிப்டில் நான்கு வரியாகத் திருத்தி எழுதியதும் ஜேகுவரி தானாகவே கிளம்பிவிட்டது. இடையில் ஒரு அரைப்புள்ளியை விட்டுவிட்டு, ராத்திரி 11 மணிக்குத் தளத்தையே படுக்க வைத்த கதையும் உண்டு. 5.2 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் இப்படி விழுந்தால் மின்னஞ்சலில் ஒரு மீட்புச் சுட்டி அனுப்பும். அன்றைக்கு அந்த மின்னஞ்சலைக் குலதெய்வம் மாதிரி பார்த்தேன்.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாதது. பிளகினை நீக்கினாலும் அது தரவுத்தளத்தில் எழுதி வைத்த அமைப்புகள் எல்லாம் போய்விடும் என்பது நிச்சயமில்லை. அதை எழுதியவர் சுத்தம் செய்யும் நிரலும் எழுதியிருந்தால் போகும். இல்லையென்றால் பழைய வாடகைக்காரர் விட்டுப் போன பீரோ மாதிரி கிடக்கும். அதிலும் தானாக ஏறு என்ற குறியோடு கிடப்பவற்றை வேர்ட்பிரஸ் ஒவ்வொரு பக்கத்துக்கும் நினைவகத்துக்குத் தூக்கி வரும். 800 கேபியைத் தாண்டினால் 6.6 பதிப்பிலிருந்து தள நலப் பக்கம் எச்சரிக்கிறது. என்னிடம் 1.4 எம்பி. அதில் பாதிக்கு மேல் எந்தக் காலத்திலோ நான் தூக்கிப்போட்ட ஒரு புள்ளிவிவரப் பிளகினுடைய பீரோ. காப்பு எடுத்து வைத்துக்கொண்டு அழித்தேன்.

சிவப்புப் பட்டை

குரோமில் கவரேஜ் என்று ஒரு பலகை உண்டு. பக்கத்தை ஏற்றினால் ஒவ்வொரு கோப்பிலும் எத்தனை பைட் உண்மையில் பயன்பட்டது, எத்தனை சும்மா வந்து போனது என்று பட்டையாகக் காட்டும். சும்மா வந்தது சிவப்பு. இந்தப் பலகையைக் கண்டுபிடித்த பிறகு எனக்குப் பிடித்த வெறியை வீட்டில் கேட்டால் சொல்வார்கள். சாப்பிடும்போதுகூட மடியில் லேப்டாப். மீதமிருந்தவற்றில் ஒரு கோப்பு கிட்டத்தட்ட முழுக்கச் சிவப்பு. 96 சதவீதம் பயன்படவில்லை. மறுமொழிப் பெட்டியில் தமிழில் தட்டச்சுவதற்கான ஸ்கிரிப்ட் அது. ஆங்கில எழுத்தில் அடிக்க அடிக்கத் தமிழாக மாறும். கணினியில் தமிழ் விசைப்பலகை அரிதாக இருந்த காலத்தில் அதைப் போட்டேன். இன்றைக்கு யார் அதில் அடிக்கிறார்கள்? எல்லோர் போனிலும் தமிழ்ப் பலகை இருக்கிறது, பேசினாலே எழுதிக்கொள்கிறது. யோசிக்கவே இல்லை, நீக்கினேன்.

அன்றைக்கு ஆச்சி பதிவு 14 கோரிக்கை, 210 கேபி. மொபைல் மதிப்பெண் 94. சித்திக்குச் சுட்டியை மறுபடி அனுப்பினேன். "இப்ப டக்குனு வந்துருச்சே, என்னப்பா பண்ணுன?" என்றார். சொல்ல ஆரம்பித்தேன், அதற்குள் குக்கர் விசில் அடித்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆங்கில எழுத்துகளில் எழுதிய தமிழ். "தம்பி, நலமா. தங்கள் தளத்துப் பெட்டியில் பத்து நாளாகத் தமிழ் வரவில்லை. என் கணினியில் கோளாறா என்று பேரனைக் கேட்டேன், இல்லை என்கிறான். ஆவன செய்யவும்." கீழே கைபேசி எண். அனுப்பியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பல வருடங்களாகப் படிப்பவர், எப்போதாவது என் சந்திப் பிழைகளைத் திருத்தி இரண்டு வரி போடுவார். ஒற்று மிகுமா மிகாதா என்று எனக்குச் சொல்லிக் கொடுத்த மனிதர், என்னால் 'நலமா' என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டி வந்திருக்கிறது. அதைப் படித்தபோது 94 மதிப்பெண் அவ்வளவாக இனிக்கவில்லை.

போன் செய்தேன். "ஐயா, நீங்க பின்னூட்டம் போட்டே ரொம்ப நாளாச்சே" என்றேன். "பின்னூட்டம் எங்கே தம்பி போடுறேன். கடிதம், வாழ்த்து, சங்கக் கூட்டத்துக்கு அறிக்கை, எல்லாம் உங்க பெட்டியிலதான் அடிப்பேன். அடிச்சு, நகலெடுத்து, மின்னஞ்சல்ல ஒட்டிருவேன். அம்மான்னு அடிச்சா அம்மான்னு வருது. அது கைக்குப் பழகிருச்சு." எத்தனை வருடமாக என்று கேட்டேன். ஏழெட்டு இருக்கும் என்றார். ஏழெட்டு வருடமாக ஒரு மனிதர் என் தளத்தில் தினமும் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். வருகைக் கணக்கில் அவர் வெறும் ஓர் எண்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. கவரேஜ் பொய் சொல்லவில்லை. அது அந்த ஒரு ஏற்றத்தில், அந்த நிமிடம் வரை எது ஓடியதோ அதைத்தான் சொல்லும். நான் பக்கத்தை ஏற்றினேன், கை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியில் ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை. அடித்திருந்தால் அந்தச் சிவப்பில் பெரும்பகுதி நிறம் மாறியிருக்கும். தட்டச்சு ஸ்கிரிப்டைத் தட்டச்சாமல் சோதித்துவிட்டு, யாருக்கும் தேவையில்லை என்று தீர்ப்பும் எழுதியிருக்கிறேன். திரட்டியின் வாக்குப்பட்டையையும் இதையும் ஒரே கூடையில் போட்டது அந்தப் பலகை இல்லை, நான்.

அதற்காகச் சித்தியின் தலையில் மறுபடி அதைக் கட்ட முடியாது. முதலில் ஒரு பொத்தான் வைத்தேன். பெட்டிக்கு மேலே 'அ' என்று இருக்கும், அழுத்தினால் ஸ்கிரிப்ட் இறங்கும். ஐயாவுக்குப் போன் செய்து விளக்கினேன். "எதுக்குத் தம்பி பொத்தான்? முன்னாடி தானாத்தானே வந்துச்சு?" என்றார். பதில் இல்லை. பொத்தானைத் தூக்கிவிட்டு, பெட்டிக்குள் கர்சர் போய் நிற்கும் கணத்தில் ஸ்கிரிப்ட் இறங்குமாறு எழுதினேன். எட்டு வரி ஜாவாஸ்கிரிப்ட், ஜேகுவரி இல்லாமல். பெட்டியைத் தொடாமல் படித்துவிட்டுப் போகிறவருக்கு அந்தக் கோப்பு இருப்பதே தெரியாது. ஐயாவுக்கோ, அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொள்வதற்குள் வந்து நின்றுவிடும். மறுநாள் பெட்டிக்கு உயிர் வந்ததாக ஒரு வரி அனுப்பினார், இந்த முறை தமிழ் எழுத்தில். 'வந்துவிட்டது' என்பதோடு, என் முந்தைய பதிவில் ஓரிடத்தில் வல்லினம் மிகாது என்ற திருத்தமும் இருந்தது.

போன வாரம் ஆச்சி பதிவின் அடியில் ஒரு மறுமொழி அனுமதிக்காகக் காத்திருந்தது. திறந்து பார்த்தால் தமிழ் ஐயாவுடைய பேத்தியின் பெயர்சூட்டு விழா அழைப்பிதழ். நாள், நேரம், இடம், மங்கல வாழ்த்து எல்லாம் சரியாக இருந்தது. நகலெடுக்கிறேன் என்று அனுப்புகிற பொத்தானை அழுத்தியிருக்கிறார். அரை மணி நேரத்தில் போன். "தம்பி, அடிச்சதெல்லாம் எங்கேயோ போயிருச்சு." "என்கிட்டதான் இருக்கு ஐயா, மின்னஞ்சல்ல அனுப்புறேன்" என்றேன். அனுப்பினேன். பெயர் நல்ல தமிழ்ப்பெயர். கடைசி வரியில் 'குடும்பத்துடன் வருக' என்று இருந்தது, அதையும் சேர்த்து எனக்கே சொன்னதாக எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.